சீமெண்ணெய் டின்னும் நேர்ந்துவிட்ட சேவலும்

என் மகன் வீட்டுச் சமையலறையில் ஒரு தண்ணீர் கேன் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வீட்டிலும் இருக்கும். இருபது லிட்டர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தாங்கியின்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். டம்ளரில் பிடித்தால் உள்ளே ‘களுக்’ என்று குமிழி கிளம்பி மேலே ஏறுகிறது. புதுக் கேன் என்றால் டம்ளருக்கு இரண்டு குமிழி. பாதிக்குமேல் குறைந்துவிட்டால் மூன்று. இதை மருமகளிடம் சொன்னேன். “அப்படீங்களா மாமா” என்றாள்.

காலை நடை முடித்து நாம் உட்காரும் ஆர்.எஸ்.புரம் பூங்கா பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரயில்வேயில் இருந்த நண்பர், இதெல்லாம் அமெரிக்காக்காரன் மூளை என்றார். இல்லை, இது கோழிக்கு வைத்த ஏற்பாடு, எங்கள் சித்தப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே செய்து பார்த்துக் கைவிட்டது என்றேன் நான். நீங்கள் நாலு பேரும் சிரித்தீர்கள். நாலு பேருக்கும் சேர்த்துச் சொந்தப் பல் முப்பத்தொன்று. அதையும் நான் எண்ணிவிட்டேன். சிரித்து முடித்தபிறகு ஒருவர், “எழுதிக்கிட்டு வாங்க, படிக்கிறோம்” என்றார். கண்ணாடி மூக்கில் நிற்காத வயதில் என்னை எழுத உட்கார வைத்தது அவர்தான். எழுத்து கோணலாக இருந்தால் அவரைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டம் மதுக்கரையைத் தாண்டி, பாலக்காட்டு ரோட்டைவிட்டு இட்டேரிக்குள் இறங்கினால் வரும். இருபுறமும் கள்ளிவேலி, நடுவில் வண்டித்தடம். சிமெண்டு ஆலை வந்த புதிது. ஆலையில் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள்.

எட்டு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இப்போதுள்ள டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொல்வார்கள். அப்போது ‘பெரிய காய்ச்சல்’ என்றால் போதும், கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நினைவு தப்பிக் கிடந்தேனாம். எங்கள் இட்டேரி முடியும் இடத்தில் இருக்கும் கருப்பராயன் சாமிக்கு அம்மா வேண்டிக்கொண்டாராம். காய்ச்சல் இறங்கியது. நான் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டேன். கஞ்சியோடு ஒரு செய்தியும் வந்தது.

“கண்ணு, உன்ற உசுருக்கு ஒரு சாவல் நேந்துட்டிருக்கறேன். வைகாசி நோம்பிக்குக் குடுத்தரோணும்” என்றார் அம்மா. எங்கள் பேச்சில் சேவல் சாவல்தான், கோயில் திருவிழா நோம்பி, என்னுடையது ‘என்றது’.

அது ஒரு செஞ்சேவல். கழுத்து மயிர் வெயிலில் செப்புக்குடம் மாதிரி மின்னும். வாலில் கரும்பச்சையாக ஒன்பது இறகு, அதில் ஒன்று மட்டும் கோணலாக மேலே நிற்கும். நேர்ந்துவிட்ட சேவல் என்றால் அதற்குத் தனி மரியாதை உண்டு. விரட்டக் கூடாது, கொண்டையில் காயம் படக் கூடாது. இடையில் செத்துப்போனால் அதற்குப் பதில் இன்னொன்று என்று சுலபமாக மாற்றிக்கொள்ளவும் கூடாது. நோம்பிவரை அதன் உயிர் நின்றால்தான் நோம்பிக்குப் பிறகு என் உயிர் நிற்கும். யாரும் இதை என்னிடம் இப்படி உடைத்துச் சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது.

எனக்கு ஓடக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, புளி கூடாது, மாங்காயை நினைக்கவே கூடாது. கட்டுத்தரை நிழலில், மாடுகளுக்குப் பக்கத்தில், ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னைக் கிடத்தினார்கள். அழாமல் இருக்க அம்மா ஒரு வேலை கொடுத்தார். “கோழியெல்லாம் இருக்குதான்னு எண்ணிச் சொல்லு சாமி.” சேவல் ஒன்று, கோழி ஏழு, குஞ்சு பதினொன்று. ஆகப் பத்தொன்பது. காய்ச்சல் என்னை விட்டுவிட்டது. எண்ணுவது விடவில்லை. அதற்கும் ஒரு சேவல் நேர்ந்திருக்கலாம்.

பங்குனி வெயில் ஏறியதும் கோழிச் சீக்கு வந்தது. கோழி தலையைத் தொங்கப்போட்டு, வெள்ளையாகக் கழிந்து, நின்ற இடத்திலேயே சாயும். கிழக்குத் தோட்டத்தில் ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டது. அம்மா மஞ்சளையும் வெங்காயத்தையும் அரைத்துச் சேவலின் வாயில் திணித்துப் பார்த்தார். பொழுதோடு நான் எண்ணிச் சொல்லும்போது மொத்தக் கணக்கை அவர் கேட்கவே மாட்டார். “சாவல் இருக்குதா?” அவ்வளவுதான் கேள்வி. கேட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். சேவலுக்கு நெற்றி இருந்திருந்தால் அதையும் தொட்டுப் பார்த்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, கோயமுத்தூரில் இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு, தகரப் பெட்டியும் பாதி மீசையுமாக ஊர் திரும்பினார். ஒரு பாடத்தில் போய்விட்டது என்றார்.

“ஆலையில கணக்கெழுத ஆள் வேணுமாம். நோம்பி முடிஞ்சதும் போயிரு” என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. தோட்டம் காட்டில் தன்னால் ஏதாவது பிரயோசனம் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். கோழிகள் தண்ணீர் குடிக்கும் உடைந்த சட்டி கண்ணில் பட்டது.

சித்தப்பா அம்மாவை நங்கை என்று கூப்பிடுவார். அண்ணிக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. “ஏனுங்க நங்கை, இங்க பாருங்க. சட்டிக்குள்ளயே நிக்குது, அதுலயே கழியுது, அதையே குடிக்குது. சீக்கு வராம என்னங்க பண்ணும்?”

“கோழி பொறந்ததிலிருந்து அப்படித்தானுங்க குடிக்குது கொழுந்தனாரே. அதுக்கு டம்ளர்லயா ஊத்திக் குடுக்கறது?”

“குடுத்தாத் தப்பில்லீங்க. தண்ணி சுத்தமா இருந்தா உங்க சாவல் நோம்பியப் பாக்கும்.”

அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவை அசைத்துவிட்டது. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொன்னதற்காகப் பின்னால் மூன்று முறை வருத்தப்பட்டார்.

முதலில் போனது அவருடைய தயிர்ச் சட்டி. சித்தப்பா அதன் விளிம்புக்குப் பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டார். சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு வட்டலை, விளிம்பு வைத்த தட்டை, மேலே மூடி, படக்கென்று கவிழ்த்து வைத்தார். துளை மூழ்கும்வரை வட்டலில் தண்ணீர் வரும், மூழ்கியதும் நின்றுவிடும், கோழி குடித்துக் குறைந்தால் மறுபடி வரும், கால் வைத்து அசிங்கம் பண்ண இடமே இல்லை என்று எனக்கு விளக்கினார். “எல்லாம் காத்தோட அழுத்தம். காத்து உன்ற தலை மேலகூட இப்ப அழுத்திட்டு இருக்குது” என்றார். நான் தலையைத் தடவிப் பார்த்தேன். தத்துவம் சரிதான், மகன் வீட்டுக் கேன் அதற்குச் சாட்சி. ஆனால் ஆணி அடித்தபோது சட்டியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருந்தது. அதன் வழியாகக் காற்று புகுந்து, சட்டித் தண்ணீர் முழுவதும் வட்டலைத் தாண்டித் தரையில் ஓடியது. கோழிகள் அந்தச் சேற்றில் இறங்கி நின்று சந்தோஷமாகக் குடித்தன.

“பாத்தீங்களா நங்கை, குடிக்குது!” என்றார் சித்தப்பா.

“என்ற தயிர்ச் சட்டி?” என்றார் அம்மா.

அடுத்தது சோடா பாட்டில். கழுத்தில் கோலிக்குண்டு இருக்குமே, அது. மதுக்கரை ஸ்டேஷன் கடையில் இரண்டு வாங்கிவந்து, சோடாவை நாங்கள் குடித்துவிட்டு (எனக்குக் கால் பங்கு, பத்தியம்), பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கட்டுத்தரைக் கம்பத்தில் தலைகீழாகக் கட்டினார். கவிழ்த்தவுடன் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. பாட்டிலுக்குள் தண்ணீர் இருப்பது மட்டும் கோழிகளுக்கு நன்றாகத் தெரிந்தது. செஞ்சேவல் கழுத்தைச் சாய்த்துக் கோலியை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு மறு கண்ணால் பார்த்தது, பிறகு கொத்தியது. சித்தப்பா ஒரு குச்சியால் கோலியை மேலே தள்ளினார். தண்ணீர் கொட்டியது. குச்சியை எடுத்தார், நின்றது. உடனே அவர் முகம் மலர்ந்து, குச்சியை என் கையில் கொடுத்துக் கட்டிலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். கோழி வந்தால் நான் குத்த வேண்டும். ஆக, ஆள் இல்லாமல் தானாகவே தண்ணீர் கொடுக்கும் கருவிக்கு ஒரு முழுநேர ஆள் தேவைப்பட்டது. நான் தூங்கிப்போன மத்தியானத்தில் எல்லாக் கோழிகளும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டன.

மூன்றாவதுதான் சீமெண்ணெய் டின். அம்மா அரிசிப் புடைசல் போட்டு வைத்திருந்த சதுர டின். சாம்பல், புளி, சீயக்காய் மூன்றும் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை, வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் போனது. சித்தப்பா அதன் அடியில் ஓர் ஆணித்துளை போட்டு, முறுக்கிய துணித் திரியைச் செருகி, கட்டுத்தரை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். திரியின் நுனியில் ஒரு சொட்டு திரளும், கனக்கும், விழும். அடுத்தது திரளும். கால் வைக்கச் சட்டியே இல்லை. கோழி நின்று மேலே பார்த்து வாயைத் திறந்தால் போதும். இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. ஒரே ஒரு குறை. இது கோழிகளுக்குத் தெரியாது.

சொட்டு தலையில் விழுந்ததும் கோழி உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு ஓடியது. எல்லாக் கோழியும் அப்படித்தான். சித்தப்பா கம்பு மணியைத் தூவினார். மணியைப் பொறுக்க வரும், சொட்டு விழும், சிலிர்க்கும், ஓடும். “இந்தச் சிலிர்ப்ப மொதல்ல நிறுத்தோணும்” என்று முடிவு செய்தார். அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை. நான் கட்டிலில் உட்கார்ந்து சேவலை இரு கையாலும் பிடித்துக்கொள்வேன். சித்தப்பா அதன் கொண்டைமேல் தண்ணீரைச் சொட்டுவார். சிலிர்த்தால் ஒன்றும் கிடையாது. சிலிர்க்காமல் நின்றால் ஒரு கம்பு மணி. சேவல் முதலில் எங்களை அற்பமாகப் பார்த்தது. பிறகு யோசித்தது. ஒருநாள், சொட்டு விழுந்தபோது கண்ணை மட்டும் மூடித் திறந்தது. உடம்பு அசையவில்லை. அடுத்த சொட்டுக்கு நிமிர்ந்து வாயைத் திறந்தது. “பாஸ்!” என்று கத்தினார் சித்தப்பா. அந்த வருடம் எங்கள் குடும்பத்தில் பாஸானது அது ஒன்றுதான்.

சேவலைப் பார்த்துக் கோழிகள் கற்றன, கோழிகளைப் பார்த்துக் குஞ்சுகள். வெயில் கொளுத்தும்போது சேவல் தாகமில்லாமலேயே டின்னுக்கு அடியில் போய் நின்று தலையை நனைத்துக்கொள்ளும். ஒரு வெள்ளைக் கோழி மட்டும் கடைசிவரை கற்கவேயில்லை. அதற்குச் சித்தப்பா தன் காலேஜ் வாத்தியார் ஒருவரின் பட்டப்பெயரை வைத்திருந்தார்.

சீக்கு எங்கள் வீட்டுக்கும் வரத்தான் செய்தது. முதலில் வெள்ளைக் கோழி போனது. சித்தப்பா வெற்றி முகத்தோடு திரிந்தார். பிறகு பாஸானவையும் சாய ஆரம்பித்தன. என் கணக்கு பத்தொன்பதிலிருந்து இறங்கி இறங்கி எட்டில் வந்து நின்றது. சேவல், இரண்டு கோழி, ஐந்து குஞ்சு. சேவல் தப்பியதற்குக் காரணம் டின் என்றார் சித்தப்பா. சாமி என்றார் அம்மா. சேவல் தன் காரணத்தைச் சொல்லவில்லை. எப்படியோ வைகாசி வந்துவிட்டது. நானும் இருந்தேன், அதுவும் இருந்தது.

நோம்பியன்று வண்டி கட்டினார்கள். அப்பா ஓட்ட, பக்கத்தில் பெரியப்பா. பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். பாகம் பிரிந்து பக்கத்துக் காட்டில் இருந்தார். கிணறு மட்டும் இரண்டு பேருக்கும் பொது, முறை வைத்து, மாடு பூட்டிக் கவலையில் சால் சாலாகத் தண்ணீர் இறைப்பார்கள், அதில் எப்போதும் ஒரு புகைச்சல். இருந்தாலும் சாமி காரியத்துக்கு மூத்தவர் இல்லாமல் ஆகாது. பின்னால் அம்மா, சித்தப்பா, நான். என் மடியில் கால் கட்டிய சேவல், மஞ்சள் பூசிய கொண்டையோடு. அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அது சாகப்போகிறது என்று தெரியும். அது செத்தால்தான் நான் இருப்பேன் என்றும் தெரியும். அதன் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அம்மா என் தலையைத் தடவினார். “பயப்படாத சாமி. பூசாரி தண்ணி தெளிப்பாரு. சாவல் ஒடம்பைத் துலுக்கும். துலுக்கிருச்சுன்னா சாமி வாங்கிக்கிட்டாருன்னு அர்த்தம். அது துலுக்காமப் பூசாரி கத்தியத் தொடவே மாட்டாரு.”

உங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். ஆடானாலும் சேவலானாலும் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமியின் சம்மதம். எனக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து பார்த்தது. ஆனால் அந்த வண்டியில், அந்த நிமிஷம்வரை, எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவில் இல்லை.

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை நீட்டி, சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, கொண்டைமேல் ஒரு சொட்டு விட்டார். சேவல் நிமிர்ந்து வாயைத் திறந்தது.

“என்னடா இது” என்றார், வாய்க்குள்ளேயே.

பிறகு அதன் கழுத்தில் ஊதிப் பார்த்தார். வேப்பங்குச்சியால் இறக்கைக்கு அடியில் கூச்சம் காட்டிப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் “துலுக்கு, துலுக்கு” என்று கெஞ்சினார். சேவல் அரைக்கண் மூடிச் சுகமாகக் கிடந்தது.

“என்னுங்க கொழுந்தனாரே பண்றீங்க?”

“பேன் இருக்குதான்னு பாக்கறனுங்க நங்கை.”

கோயில் என்றால் கூரையில்லை. ஆலமரம், அதன் அடியில் நட்ட வேல்கள், கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு மண்குதிரை. பூசாரி மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சேவலின் கால்கட்டை அவிழ்த்துச் சாமிக்கு முன்னால் நிறுத்தினார். சுற்றிக் கூட்டம். சொம்பிலிருந்து கை நிறைய அள்ளித் தெளித்தார்.

சேவல் அசையாமல் நின்று, நிமிர்ந்து, வாயைத் திறந்தது.

“தண்ணி பத்தலைங்க” என்று பூசாரி இன்னொரு கை தெளித்தார். அது விழுங்கியது. மூன்றாவது தடவை சொம்பையே சாய்த்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பெரிய மனிதர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அம்மா என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். “நான் இத்தனை வருசத்துல இப்படிப் பாத்ததில்லைங்க. ஊட்டுல ஏதோ குறை இருக்குது. யாரு மனசுல என்ன இருந்தாலும் சாமி முன்னால எறக்கி வெச்சுப்போடுங்க. சாமி காத்திருப்பாரு, எனக்கு இன்னம் நாலு கெடா நிக்குது.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்பாவால் தாங்க முடியவில்லை. தொண்டையைச் செருமினார்.

“அண்ணன் முறையில, விடியறதுக்கு முந்தி, நான் ரண்டு சால் எறைச்சிருக்கறேன்.”

“ரண்டா?” என்றார் பெரியப்பா.

“அஞ்சாறு இருக்கும்.”

“எப்பொருந்து?”

“பாகம் பிரிச்சதுலிருந்து.”

“அடப்பாவி! கெணத்துல ஊத்துக் கொறஞ்சு போச்சுன்னு ஆளை எறக்கித் தூர் வாரினனேடா! நீயும் வந்து எட்டிப் பாத்து, ஆமாங்கண்ணா கொறஞ்சுதான் போச்சுன்னயே!”

பூசாரி தண்ணீர் தெளித்தார். சேவல் குடித்தது. அவர் பெரியப்பா பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, “உங்க பக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா பெரியவரே?” என்றார்.

பெரியப்பா துண்டைத் தோளில் இடம் மாற்றிப் போட்டார். “பாகம் பிரிச்சப்ப காணாமப் போச்சே, அந்தப் பித்தளை அண்டா. அது எங்கூட்டு அட்டாலியில, பரண் மேல இருக்குது.”

அம்மா அதுவரை பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார். “அந்த அண்டாவுக்கு நான் குறி கேக்கப் போனனுங்களே! வண்டி கட்டிக்கிட்டு நீங்கதானுங்களே கூட வந்தீங்க!”

“துணைக்கு வந்தேன்” என்றார் பெரியப்பா.

தண்ணீர். சேவல் குடித்தது. இப்போது எல்லாக் கண்களும் சித்தப்பாமேல். நான் வாயைத் திறந்தேன், டின்னைப் பற்றிச் சொல்ல. சித்தப்பா என் காலை மிதித்தார்.

“நான் ஒரு பாடத்துல போகலைங்க” என்றார். “மூணுல.”

“எதெது?” என்றார் அப்பா.

“கணக்கு. கெமிஸ்ட்ரி.”

“மூணாவது?”

“பிசிக்சு.”

காற்றின் அழுத்தம் எந்தப் பாடத்தில் வருகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால் நானே படித்தபோது தெரிந்தது.

பூசாரியின் சொம்பு காலி. சேவலின் வயிறு நிறைந்து, அது ஏப்பம் விடாத குறை. கூட்டத்தில் யாரோ, “சாமிக்கு மனசில்ல” என்றார்கள். அதைக் கேட்டதும் அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நான் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“நான்தானுங்க” என்றார் அம்மா. “குறை என்றதுதான். இவனுக்குக் கண்ணு சொருகினப்ப நான் வேண்டினது சாவல் இல்லீங்க. கெடா. வெடிஞ்சதும் இவன் கஞ்சி கேட்டான். அப்ப மனசுக்குள்ளயே சாவல்னு மாத்திப்போட்டேன். சாமிக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்.”

அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை, திகைப்புதான். “நம்மகிட்டக் கெடா இல்லையா? எதுக்கு மாத்தினே?”

“கெடா உங்க பட்டியில நிக்கறது. கோழிதான் என்றது. எம்பையனுக்கு நான் நேந்தது. என்றதுலிருந்து குடுக்கோணும்னு நெனச்சேன்.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயிலும் அதிகம்தான். பிறகு பூசாரியைப் பார்த்து, “அடுத்த நோம்பிக்குக் கெடா” என்றார். அம்மாவைப் பார்த்து, “எந்தக் கெடாங்கறத நீ போய்ப் பாத்துச் சொல்லு. இன்னியிலிருந்து அது உன்றது” என்றார்.

“இதானுங்க விசயம்” என்றார் பூசாரி, நிம்மதியாக. “சாமி நேர்ல கேட்டு வாங்கிப்போட்டாரு. வேண்டாம்னு சொன்ன சாவலை நாம தொடக்கூடாது. ஊட்டுக்குக் கொண்டு போங்க.”

திரும்பும்போது சேவல் மறுபடி என் மடியில். கோயில் கண்ணுக்கு மறையவில்லை. ஆலமரத்தின் தலை இன்னும் தெரிந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. சேவல் எழுந்து நின்று, கழுத்து மயிரை விரித்து, தலையிலிருந்து வால்வரை ஒரு துலுக்குத் துலுக்கியது பாருங்கள், வண்டியிலிருந்த அத்தனை பேர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது.

பெரியப்பா முகத்தைத் துடைக்காமல் நேராக முன்னால் பார்த்தார். அம்மா அப்பாவின் முதுகைப் பார்த்தார்.

“வண்டிய முடுக்கு” என்றார் பெரியப்பா. அப்பா முடுக்கினார்.

வீட்டில் கோழிக் குழம்புக்கென்று மசாலா அரைத்து வைத்திருந்தது. அதில் கத்தரிக்காயைப் போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுத்தரையில் சித்தப்பா தனியாக இருக்கும்போது கேட்டேன்.

“சாமி வேண்டாம்னுட்டா நான் செத்துப்போவேனுங்களா?”

“சாமிகிட்ட யாருடா கேட்டா? சாவல்கிட்டத்தானே கேட்டோம்” என்றார்.

“அப்ப டின்னப் பத்தி அம்மாகிட்டச் சொல்லீர்றனுங்க.”

அவர் டின்னிலிருந்து விழும் சொட்டைப் பார்த்தார். “சொல்லலாம் கண்ணு. சொன்னா அண்டா அட்டாலியிலயே இருந்துக்கும். உங்கப்பன் மறுபடி விடியறதுக்கு முந்தி கவலை ஓட்டுவான். உங்கம்மா கெடா உங்கப்பன் பட்டிக்கே போயிரும். என்ற பாடம் மட்டும் மூணாவே நிக்கும்.”

நான் சொல்லவில்லை. அண்டா மறுநாளே வந்தது. அதில் அம்மா நெல் அவித்தபோது பெரியப்பா வந்து நின்று, அடி பிடிக்காத அண்டா என்று தானே அதைச் செய்தவர் மாதிரி பாராட்டிவிட்டுப் போனார். கிணற்று முறையில் அதற்குப் பிறகு சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. பெரியவர்கள் இத்தனை பேர் ஒரு சேவலுக்கு முன்னால் வரிசையாக நின்று, அது தங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது என்று நம்பினார்கள். அதற்குத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது.

அடுத்த நோம்பிவரை எனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கெடாவைப் பார்ப்பார். என்னைவிட அது நன்றாகச் சாப்பிட்டது. தண்ணீரோடு சித்தப்பா அதன் பக்கமே போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது. கெடா பூசாரியின் முதல் கைத் தண்ணீருக்கே துலுக்கிவிட்டது. கொம்புக்கு நடுவில் ஓர் ஈ உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதை இப்போதுதான் முதல்முதலாக வெளியே சொல்கிறேன்.

சித்தப்பா ஆலைக்குப் போகவில்லை. கோயமுத்தூரில் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். தண்ணீரைக் கீழே சொட்டவைத்தவர், மேலே ஏற்றுவதில் நன்றாகவே முன்னுக்கு வந்தார். சாமி வேண்டாமென்ற சேவலை யாரும் தொடத் துணியவில்லை. விருந்துக்கு வரும் ஒறம்பரைக்கென்று எத்தனையோ கோழிகள் குழம்பானபோதும் அது மட்டும் டின்னுக்கு அடியில் நின்று, வாலில் நாலு இறகு மிச்சமாகும்வரை, வயதாகிச் செத்தது. டின் துருப்பிடித்து விழுந்தது. துளை இருந்த அடித்தகடு மட்டும் கட்டுத்தரைக் கூரையில் ஒழுகலுக்கு ஒட்டுப்போடப் பயன்பட்டது. அதிலும் ஒழுகியது.

நம் பெஞ்சில் இருப்பவர்களில் எனக்குத்தான் வயது அதிகம். மாத்திரை காலையில் ஐந்து, இரவில் நாலு. மகன் வீட்டுக் குளியலறையில் தலைக்குமேல் ஒரு தகரப்பூ வைத்திருக்கிறான். ஷவர் என்கிறான். திருகினால் முதலில் ஒரே ஒரு சொட்டுத்தான் விழும், சில்லென்று, சரியாக உச்சந்தலையில். உடம்பு உதறிக்கொள்ளப் பார்க்கும்.

நான் விடுவதில்லை. அசையாமல் நிற்கிறேன். கேட்பவர் கேட்கட்டும், நான் அவ்வளவு சுலபமாகச் சம்மதம் சொல்லப் போவதில்லை. வாயை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறேன்.